வேப்பங்குச்சி வைத்த கை

என் வீட்டுக்காரரின் பெயர் இசக்கிமுருகன். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வீட்டைக் காட்ட ஆள் கிடைக்காது. 'குச்சி' வீடு எது என்று கேட்டால் தெருவில் விளையாடும் பிள்ளைகூடக் கொண்டுவந்து விட்டுவிடும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றபோது இந்தப் பட்டப்பெயர் எங்கள் அம்மை காதில் விழுந்து, மாப்பிள்ளை நோஞ்சானாக இருப்பாரோ என்று புலம்பித் தீர்த்துவிட்டாள். வந்தவரைப் பார்த்தால் வாசல் நிலையில் தலை இடிக்கிற ஆள். குச்சி அவர் உடம்பில் இல்லை, சட்டைப்பையில் இருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு நறுக்கிய வேப்பங்குச்சிகள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அதை எடுத்து வைத்துவிட்டு வரவில்லை மனுஷன்.

அந்தக் குச்சி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் இடையில், மேட்டுப் பக்கம் இருக்கிறது. ஆறு கண்ணுக்குத் தெரியும், வயலுக்கு வராது. கிணறும் மோட்டாரும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி என்று ஒன்று உண்டு. பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். கரண்டு குறைந்தாலோ, மூன்று லைனில் ஒன்று போய்விட்டாலோ, மோட்டார் எரிந்துவிடக் கூடாதே என்று அந்தப் பெட்டி தானாகவே 'டப்' என்று விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். எங்கள் பக்கத்தில் கரண்டு என்றைக்கு ஒழுங்காக வந்தது? பெட்டி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும், வாழை வாடிக்கொண்டே இருக்கும். இவர் போய் மூடியைக் கழற்றி, விழுகிற இடத்தில் ஒரு வேப்பங்குச்சியை முட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியால் விழ முடியாது. மோட்டார் முனகிக்கொண்டாவது ஓடும்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். குச்சி தடியாக இருந்தால் உள்ளே இருக்கிற சாமான் உடையும், மெலிசாக இருந்தால் நழுவும். ஈரக் குச்சி ஷாக் அடிக்கும், சருகாகக் காய்ந்தது சூட்டில் பற்றிக்கொள்ளும். இவர் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து, சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, "இன்னும் நாலு பாத்தி தாங்கும்" என்பார். சொன்னது தப்பாது. மோட்டார் காயில் சுற்றுகிற கடைக்காரர்களே சேரன்மகாதேவியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். படிப்பு என்று பார்த்தால் ஐந்தாம் வகுப்பு.

இதை எங்கே படித்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார். மாமியார்தான் ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

என் மாமனார் முத்துமாலை ஒரு வாழைப் பண்ணையில் மோட்டார் பார்க்கிற வேலையில் இருந்தார். பார்ப்பது என்றால் பொத்தானை அமுக்குவது, மடை திருப்புவது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கோடையில் மோட்டார் நின்றுபோனது. சேதி சொல்லப் போனவரைப் பண்ணைக் கணக்குப்பிள்ளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மோட்டார் நின்னா என்னலே? இன்னைக்கு நீதாம்ல மோட்டார். எறச்சு ஊத்து" என்றாராம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குடத்தைக் கையில் கொடுத்து, கிணற்றுப் படியில் இறங்கி ஏறி வாழைக்கு ஊற்றச் சொல்லிவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். களை எடுக்க வந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் மாமனார் படியிலேயே மூத்திரம் போய் விழுந்துவிட்டார். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோன இவர் அதைக் கிணற்று மேட்டில் நின்று பார்த்திருக்கிறார். பால்பல் விழுகிற வயசு.

"அன்னையிலருந்து அவனுக்கு மோட்டார் நின்னா வயித்தக் கலக்கும் தாயி" என்றாள் மாமியார். "சோறு தின்னுக்கிட்டு இருப்பான், எங்கனயாவது மோட்டார் சத்தம் நின்னுச்சுன்னா எச்சிக் கையோட ஓடுவான்."

அடுத்த முறை அந்த மோட்டார் நின்றபோது, அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, இவர் அழுதுகொண்டே பெட்டிக்குள் கையை விட்டு, கையில் கிடைத்த குச்சியைச் செருகினார். மோட்டார் ஓடியது. அப்படி வந்ததுதான் இந்த வித்தை. உட்கார வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் பெட்டி ஏன் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். இவருக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி விழுந்தால் அப்பா விழுவார் என்பதுதான். அதனால் அந்தக் கை ஓட வைக்க மட்டும் படித்தது. நிறுத்துவதற்குப் படிக்கவே இல்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கு வருகிற ஞானம். அன்றைக்கு, என் புருஷனைப் போலக் கெட்டிக்காரன் உண்டா என்று நிமிர்ந்து திரிந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் இவருக்கு வேலை கிடைத்தது. மிஷின்களைப் பராமரிக்கிற பிரிவில் உதவியாள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். மாமனார் அந்தச் சட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். இனிமேல் இவனை யாரும் 'நீதாம்ல மோட்டார்' என்று சொல்ல முடியாது என்று எண்ணியிருப்பார் பாவம்.

அந்த மில்லில் பஞ்சுத் திரியை இழுத்து மெலிசாக்குகிற மிஷின்கள் வரிசையாக நிற்கும். உருளைகளுக்கு மேலே ஒரு மூடி. பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டால் மூடியைத் திறந்து கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். மூடி திறந்ததும் மிஷின் தானாக நிற்பதற்காக உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அந்த சுவிட்சில் பஞ்சுத் தூசி அடைந்தால், மூடி மூடியிருக்கும்போதே மிஷின் நின்றுவிடும். ஒரு ஷிப்டில் பல தடவை நிற்கும். சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துவார்.

இவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அந்தக் கத்தல் ஓய்ந்துவிட்டது. எப்படி ஓய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சின் நாக்குக்கு அடியில் ஒரு வேப்பங்குச்சி. மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மிஷின் எண்ணிக்கொள்ளும். சூப்பர்வைசர் முதுகில் தட்டிக் கொடுத்து, அந்த வரிசை முழுக்க வைக்கச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது இவருக்கு முகமெல்லாம் பல்.

மேலப்பாளையத்துக்காரர் அலி அக்பர் என்று ஒரு ஃபிட்டர் அங்கே மூத்தவர். அவர் மட்டும், "தூசியத் தொடச்சு விடும் வே. குச்சி வேண்டாம். அது நிக்குதுன்னா சும்மாவா நிக்குது?" என்றிருக்கிறார்.

"நிறுத்துததுக்கா அண்ணாச்சி நமக்குச் சம்பளம் தாராவ?" என்று இவர் கேட்டாராம். இதையும் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார்.

சுடலைவடிவு அந்த மிஷினுக்கு வந்தது அடுத்த வருஷம். பதினெட்டு வயசு, முக்கூடல் பெண். அப்பா இல்லை, அம்மையும் ஒரு தங்கச்சியும். நானும் முக்கூடல்காரிதான் என்பதால் அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

முக்கூடலில் பெண் பிள்ளைக்கு எழுத்துக்கு முன்னால் பீடி வந்துவிடும். மடியில் சுளவு என்கிற முறம், சுளவில் வெட்டிய இலை, புகையிலைத் தூள், நூல். இலையை விரித்து, தூளைப் பரத்தி, ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றினால் ஒரு பீடி. ஒரு துணுக்குத் தூள் மடியில் சிந்தினாலும் அம்மை கத்தரியின் கைப்பிடியால் முட்டியில் தட்டுவாள். அதனால் சிந்துவதற்கு முன்னாலேயே விரல் போய்ப் பிடித்துவிடும். கண் பார்த்து, மூளை சொல்லி, அப்புறம் விரல் போவது என்பது எங்களுக்குக் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கப்புறமும் சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் தரையைத் தொடும் முன்னால் என் விரல் எடுத்துவிடுகிறது. மில்லுக்கு ஆள் எடுத்தவர்கள் அந்தப் பிள்ளையின் விரல் வேகத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம்.

அன்றைக்குப் பகல் ஷிப்ட். உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டது. மூடியைத் திறந்தால் மிஷின் நிற்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திறந்தாள். மிஷின் நின்றதா என்று பார்ப்பதற்கு முன்னால், சிந்துகிற தூளைப் பிடிக்கப் போகிற அதே வேகத்தில் விரல் உள்ளே போய்விட்டது.

இவர் பக்கத்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். சிவப்புப் பொத்தான் இவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. கை போகவில்லை. பிறந்ததிலிருந்து ஓடுகிற எதையும் நிறுத்திப் பழகாத கை, அந்தரத்தில் நின்றுவிட்டது. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து அலி அக்பர் ஓடிவந்துதான் பொத்தானை அடித்தார். அதற்குள் அவளுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

"எட்டுத தூரம்ளா" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். "இந்தா, இந்தச் செம்பு இருக்க தூரம்." அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது.

விசாரிக்க அதிகாரி வருவதற்கு முன்னால், குச்சிகளை எல்லாம் எடுத்துவிடும்படி சூப்பர்வைசர் இவரிடமே சொன்னார். இவரும் எடுத்தார். அதிகாரி மூடியைத் திறந்தார், மிஷின் நின்றது. மூடினார், ஓடியது. சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைதான் அஜாக்கிரதையாகக் கையை விட்டிருக்கிறது என்று முடிவாயிற்று. இவர் முன்னால் போய், "ஐயா, நாந்தான் குச்சி வச்சிருந்தேன்" என்றிருக்கிறார். "எந்தக் குச்சி?" என்று கேட்டார் சூப்பர்வைசர். அதிகாரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று ஜீப்பில் ஏறிவிட்டார். அலி அக்பர் மட்டும் இவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாராம். டீ ஆறிப்போகும்வரை இவர் குடிக்கவில்லை.

தண்டனை என்று ஒன்று கொடுத்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. வேலையை விட்டுவிட்டு வந்தார். சட்டைப்பைக் குச்சிகளை அடுப்பில் போட்டார். "இனி குச்சியத் தொட்டா என்னை ஏன்னு கேளு" என்றார். மோட்டார் நின்றுவிட்டது என்று வாசலில் வந்து கெஞ்சியவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்று என்னைச் சொல்லச் சொன்னார். மாமனார், "காக்கிச் சட்டைய விட்டுட்டு வந்திருக்கானே, எவளோ ஒருத்தி கைய விட்டதுக்கு!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். இவர் சுருண்டு படுத்தே கிடந்தார். எங்கேயாவது மோட்டார் சத்தம் நின்றால் மட்டும் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வார்.

பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பிள்ளைக்கு நான் விரல் செஞ்சு குடுக்கப் போறேன்" என்றார்.

பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் தெளிவாகத்தான் இருந்தார். மில்லில் இனி அவளைச் சேர்க்கமாட்டார்கள். பீடி சுற்றலாம் என்றால் உருட்டுகிற விரல் இல்லை. "ஒரு விரல், உருட்டுததுக்கு ஒரே ஒரு விரல் செஞ்சுட்டேன்னு வையி, அவ பொழச்சுக்கிடுவா. எனக்கும் என் கை திரும்பக் கெடைச்சிரும்" என்றார். எனக்கு அந்தப் பிள்ளையை விட அவர் கைதான் முக்கியமாகப் பட்டது, ஒளிப்பானேன். சரி, செய்யுங்கள் என்றேன்.

முதலில் பீடி எப்படிச் சுற்றுவது என்று என்னிடம் படிக்க உட்கார்ந்தார். பனங்கிழங்கு போல விரல்களை வைத்துக்கொண்டு இலையைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே கிழிந்தது. "பைய, பைய" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் இன்னும் இறுக்கினார். ஸ்பானர் பிடித்த கைக்கு இறுக்கத்தான் தெரியும். சுளவு நிறையக் கிழிந்த இலை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷத்தில் நான் சிரித்தது அதற்குத்தான்.

பழைய தூக்குச்சட்டித் தகரத்தில் முதல் விரலைச் செய்தார். அது இலையை அறுத்தது. சைக்கிள் ட்யூபைச் சுருட்டி அடுத்ததைச் செய்தார். அது வழுக்கியது. மூன்றாவதுக்குத் தோல் உறை தைத்து, உள்ளே மெல்லிய கம்பி வைத்து, சைக்கிள் பிரேக்கின் ஸ்பிரிங்கை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார். மணிக்கட்டை மடக்கினால் அந்த விரல் வந்து கட்டைவிரலை அமுக்கும். செய்து முடித்த அன்று எங்கள் வீட்டில் ஏதோ பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது. முக்கூடலுக்குக் கொண்டுபோனவர் சாயங்காலம் திரும்பிவந்து, வாசலில் நின்றபடியே, "ஏளா, சுத்திட்டா! என் கண்ணு முன்னால சுத்திட்டா!" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் போவார். ஒரு வாரம் வாரை மாற்றுவார், ஒரு வாரம் தோலை மெழுகிட்டு இளக்குவார். கல்யாணமாகாத பிள்ளை வீட்டுக்கு இவன் ஏன் போகிறான் என்று ஊர் பேச ஆரம்பித்தது. என் காதுபடவும் பேசினார்கள். நான் திருப்பி நன்றாகவே கொடுத்தேன், அது வேறு கதை. "என்ன, நல்லா சுத்துதாளா?" என்று கேட்டால், "சுளவு நிறைய வச்சிருக்கா!" என்பார். அந்த முகத்துக்காக யார் என்ன பேசினால் என்ன என்று இருந்தேன்.

பங்குனியில் ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். "நீ வந்து பாரு. நீ பீடி சுத்தினவ. நீ சரின்னா சரி. அப்புறம் நான் ஏதாவது வேலைக்குப் போவேன்."

போனோம். ஒற்றை அறை வீடு. சுடலைவடிவு சுளவோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்கண்ணே, வாங்க மயினி" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அவள் அம்மை எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்கு ஓடினாள். சுளவில் உண்மையிலேயே பீடி நிறையக் கிடந்தது. தோல் விரல் அவள் கையில் வாரோடு இறுக்கிக் கட்டியிருந்தது. இவர் பக்கத்தில் குந்தி, வாரைத் தொட்டுத் தொட்டுச் சரி பார்த்தார். தேர்வு எழுதிய பிள்ளையைப் போல என் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

நான் சுளவிலிருந்து ஒரு பீடியைக் கையில் எடுத்தேன்.

பீடி சுற்றினவளுக்கு நுனியைப் பார்த்தாலே போதும். ஒவ்வொருத்தி நகமும் ஒவ்வொரு மாதிரி மடக்கும். இது சின்ன நகம். ரொம்பச் சின்னது. மடிப்பு நெருக்கமாக, புதுசாகப் படித்தவள் பயந்து பயந்து மடக்கினது போல இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. பின்வாசல் பக்கம் திரும்பினால், கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை நுனி தெரிந்தது. பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை. அவள் தங்கச்சி பிரம்மநாயகி. பள்ளிக்கூடம் நடக்கிற நாள், நடக்கிற நேரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையின் ஆள்காட்டி விரல் கதவின் ஓரத்தைப் பிடித்திருந்தது. நகம் புகையிலைக் கறையில் பழுத்திருந்தது.

"ஒண்ணு சுத்திக் காட்டு தாயி, மயினி பாக்கட்டும்" என்றார் இவர்.

சுடலைவடிவு இலையை விரித்தாள். இடது கையால் தூளைப் பரத்தினாள். மணிக்கட்டை மடக்கினாள். தோல் விரல் வந்து பிடித்தது. நல்ல பிடிதான், அதைக் குறை சொல்ல முடியாது. உருட்டினாள். உருட்டி முடிகிற இடத்தில் விரல் லேசாக விட்டுக் கொடுக்க வேண்டும். விட்டால்தான் இலை தானாகச் சுருண்டு நிற்கும். அது விடவில்லை. ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டே இருந்தது. இலை நெடுகக் கிழிந்து, தூள் மடியில் கொட்டியது. அவளுடைய மோதிர விரல் சட்டென்று பாய்ந்து தூளைப் பிடிக்கப் பார்த்தது. கிழிந்த இலையை, பழக்கமானவள் போல, தொடைக்கு அடியில் தள்ளினாள். அங்கே ஏற்கெனவே நிறையக் கிழிசல் கிடந்தது.

"வெயில்ல இலை காஞ்சிருக்கு. இன்னொண்ணு எடு" என்றார் இவர்.

"இலை நல்லாத்தான் இருக்குண்ணே" என்றாள் அவள்.

பல்லால் வாரைக் கடித்து அவிழ்த்து, தோல் விரலைக் கழற்றினாள். உள்ளே விரல் இருந்த இடம் தோல் உரிந்து சிவந்து, ஒரு ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. இவர் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். இவர் வருகிற நேரத்துக்கெல்லாம் அவள் அதைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"பிடிக்குதுண்ணே. நல்லாப் பிடிக்குது" என்றாள். கோபமே இல்லாத குரல். "விடத்தான் மாட்டேங்குது. பீடியில பிடிக்குதது பாதி, விடுதது பாதி. ஒங்ககிட்ட சொல்ல மனசு வரல. அன்னைக்கு ஒங்க முன்னால ஒண்ணு எப்படியோ சுத்திட்டேன். ஒங்களுக்கு அவ்வளவு சந்தோசம். நீங்க வருத அன்னைக்கெல்லாம் இவள உள்ள ஒளிச்சு வைக்கோம்."

"ஸ்பிரிங்க மாத்திட்டா..." என்று இவர் ஆரம்பித்தார்.

"அண்ணே." அவள் அவரை நிறுத்தினாள். "இத நீங்க கொண்டு போயிருங்க. இது இங்கன கெடந்தா அம்மை, நாளைக்குச் சரியாயிரும் நாளைக்குச் சரியாயிரும்னே இருப்பா. இவளையும் பள்ளிக்கூடத்துக்கு இந்தா அனுப்புதேன், நாளைக்கு அனுப்புதேன்னு சொல்லிக்கிட்டே வீட்டுல வச்சிருக்கா. எனக்கு இனி வராதுன்னு தெரிஞ்சிட்டா, வேற வழிய யோசிப்பாளோ என்னமோ. நீங்க இனி வராதியண்ணே."

கதவுக்குப் பின்னால் இருந்து அந்தப் பிள்ளை பைய வெளியே வந்து, அக்காளின் மடியிலிருந்த சுளவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது. இனி ஒளிய வேண்டாம் என்று அதற்குப் புரிந்துவிட்டது. அதன் விரல் ஓட ஆரம்பித்தது. என்ன வேகம். எனக்கு யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது. அந்த அறையில் அறைவதற்கு ஒருவரும் இல்லை.

இவர் "சரி தாயி" என்று மட்டும் சொன்னார். தோல் விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். கலர் பாட்டிலோடு எதிரே வந்த அவள் அம்மை, "அடுத்த வாரம் வாரியளா?" என்று கேட்டாள். நான்தான் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வாழைத் தோட்டங்களை ஒட்டி நடக்க வேண்டும். நல்ல வெயில். இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் அலி அக்பர் அண்ணாச்சியைப் பார்க்கச் சொல்ல வேண்டும், வேறு ஏதாவது வேலை சொல்வார், உரக்கடையில் மூட்டை தூக்கினாலும் சரி என்று நான் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். தோட்டத்துக்குள் எங்கேயோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் கூடவே வந்தது. வந்துகொண்டே இருந்த சத்தம் 'டப்' என்று நின்றுபோனது.

இவரும் நின்றார்.

"வாங்க, பஸ் வந்துரும்" என்றேன்.

அவர் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது. கிணற்று மேட்டில் கஞ்சிப் பானையோடு நின்ற பிள்ளையை நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். வழியோரத்தில் ஒரு வேம்பு நின்றது. அவர் கை மேலே போய், தணிந்த கிளையில் காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்தது. கட்டைவிரல் நீளத்துக்கு முறித்தது. பல்லால் நுனியைச் சீவினார்.

"ஏங்க!" என்றேன்.

திடுக்கிட்டுக் கையைப் பார்த்தார். அதில் குச்சி இருப்பதை அப்போதுதான் பார்த்தார். தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "ஏலே குச்சி! நீயாலே? சாமியாக் கொண்டாந்து விட்டிருக்கு. குலை தள்ளுத வாழைலே, வா லே, வா!"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வயித்தக் கலக்குதுளா" என்றார். கைக்குட்டை மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் இறங்கிப் போனார்.

நான் பஸ் நிற்கிற இடத்தில் வந்து உட்கார்ந்தேன். கைக்குட்டையைப் பிரித்து, அந்தத் தோல் விரலுக்குள் என் விரலை விட்டு மணிக்கட்டை மடக்கிப் பார்த்தேன். அது வந்து என் கட்டைவிரலைப் பிடித்தது. வலித்தது. இன்னொரு கையால் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்குள் மோட்டார் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பஸ் வரும்வரை அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.